டிகிரி இல்லாத வெப்பநிலை

வணக்கம். ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கிறேன். நேற்று 10 டிகிரி செல்சியஸ், இன்று 20. அப்படியென்றால் இன்று இரண்டு மடங்கு சூடா?

தலையாட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அதே இரண்டு நாள்களை ஃபாரன்ஹீட்டில் சொன்னால் 50, 68. இரண்டு மடங்கு எங்கே போயிற்று? வெப்பநிலை மாறவில்லை, அளவுகோலை மாற்றினோம், மடங்கு மாயமாகிவிட்டது. காரணம், இரண்டு அளவுகோலிலும் சுழி என்பது நம் வசதிக்காக நாமே வைத்துக்கொண்ட இடம். செல்சியஸ் 1742-இல் தன் அளவுகோலை முன்வைத்தபோது நீரின் கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100 என்றுதான் வைத்தார். பிறகுதான் அதைத் திருப்பிப் போட்டார்கள். திருப்பிப் போட முடிகிற சுழியை நம்பி மடங்குக் கணக்குப் போட முடியுமா?

கயிற்றின் நீளம் சுழி என்றால் கயிறே இல்லை என்று பொருள். அப்படியொரு சுழி வெப்பநிலைக்கு உண்டா என்பதுதான் கேள்வி.

உண்டு என்று முதலில் காட்டிக்கொடுத்தது காற்று. ஒரு கலத்தில் காற்றை அடைத்துக் குளிரவைத்தால் அழுத்தம் குறையும். 0 டிகிரி செல்சியஸில் இருக்கும் அழுத்தத்தில், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 273-இல் ஒரு பங்கு போய்விடும். வரைபடத்தில் அந்தக் கோட்டை நீட்டினால் மைனஸ் 273.15-இல் அழுத்தம் சுழியாகிவிடும். நிஜக் காற்று அதற்கு முன்பே திரவமாகிவிடும், அது வேறு விஷயம். எந்த வாயுவை வைத்து வரைந்தாலும் கோடு போய் நிற்பது அதே இடம்தான்.

1848-இல் கிளாஸ்கோவின் இளம் பேராசிரியர் வில்லியம் தாம்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். பாதரசம் ஒரு விதமாக விரிகிறது, ஆல்கஹால் வேறு விதமாக விரிகிறது. எந்தப் பொருளையும் சாராத அளவுகோல் வேண்டாமா என்று கேட்டார். வெப்ப எந்திரங்களைப் பற்றிப் பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ எழுதியதிலிருந்து அதற்கு வழி கண்டுபிடித்தார், பிறகு அதைத் தானே திருத்தியும் கொண்டார். 1892-இல் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தபோது, பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரை எடுத்துக்கொண்டார். ஆற்றின் பெயர் மனிதருக்கு வந்து, அவரிடமிருந்து அலகுக்கும் வந்துவிட்டது.

சரி, பழைய கணக்குக்கு வருவோம். கெல்வின் அளவுகோலின் சுழி அந்த மைனஸ் 273.15 தான், ஒரு படியின் அளவு செல்சியஸில் இருப்பதேதான். 10 டிகிரி என்பது சுமார் 283 கெல்வின், 20 டிகிரி சுமார் 293. கூடியது மூன்றரை சதவீதம்தான். இரண்டு மடங்கு வேண்டுமென்றால் 293 டிகிரி செல்சியஸுக்குப் போக வேண்டும்!

கவனித்தீர்களா, 'டிகிரி கெல்வின்' என்று நான் சொல்லவில்லை. 1967-இல் கூடிய எடை, அளவுகளுக்கான பொது மாநாடு அந்த 'டிகிரி'யை எடுத்துவிட்டது. மீட்டர், கிலோகிராம் போல இதுவும் வெறும் கெல்வின். இன்னமும் டிகிரி சேர்த்துச் சொல்பவர்களைக் கண்டால் திருத்தாமல் இருக்க எனக்கு முடிவதில்லை, மன்னியுங்கள்.

ஆனால் அலகின் வரையறை மட்டும் நீண்ட காலம் தண்ணீரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. பனியும் நீரும் ஆவியும் ஒன்றாக நிற்கும் முப்புள்ளியை 273.16 கெல்வின் என்று 1954-இல் நிர்ணயித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. எந்தத் தண்ணீர்? கன ஹைட்ரஜன் (ஹைட்ரஜனிலேயே எடை கூடிய வகை, அதன் ஓர் ஐசோடோப்பு) கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ முப்புள்ளி இம்மியளவு நகரும். எந்தப் பொருளையும் சாராத அளவுகோல் என்று தாம்சன் கேட்டதற்கு, தண்ணீர்க் குப்பிக்குள் ஐசோடோப்பு எண்ணிக்கொண்டிருந்தோம்! 2019 மே 20 முதல் அந்தத் தொல்லை இல்லை. வெப்பநிலையையும் ஆற்றலையும் இணைக்கும் எண்ணான போல்ட்ஸ்மன் மாறிலிக்கு ஒரு நிலையான மதிப்பைக் கொடுத்துவிட்டார்கள். 1.380649-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் வகுத்தால் வருவது எத்தனை ஜூலோ, அவ்வளவு வெப்ப ஆற்றலுக்கு ஈடானது ஒரு கெல்வின். அன்று காலை எந்த வெப்பமானியும் வேறு எண்ணைக் காட்டவில்லை.

கீழ்ப்பக்கம் போனால் மடங்குக் கணக்கின் அருமை தெரியும். ஹீலியம் சுமார் 4.2 கெல்வினில் கொதிக்கிறது. விண்வெளியை நிரப்பியிருக்கும் பின்னணிக் கதிர்வீச்சு 2.7 கெல்வின். 1995-இல் ருபீடியம் அணுக்களை ஒரு கெல்வினின் கோடியில் இரண்டு பங்குக்கும் கீழே கொண்டுபோனார்கள். 300-இலிருந்து 150-க்கு இறங்குவது எப்படியோ, அங்கே இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குவதும் அப்படித்தான், பாதி. பாதியின் பாதி, அதிலும் பாதி என்று போய்க்கொண்டே இருக்கலாம், சுழியை மட்டும் தொட முடியாது.

அப்புறம், மின்விளக்குப் பெட்டியில் '2700 கே' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 'கே' இதே கெல்வின்தான். அத்தனை கெல்வினுக்குக் காய்ச்சிய ஒரு கரும்பொருள், அதாவது தன்மேல் விழும் ஒளி முழுவதையும் விழுங்கிக்கொள்ளும் பொருள், எந்த நிறத்தில் ஒளிருமோ அந்த நிறம். பழைய இழை விளக்கில் இழையே ஏறக்குறைய அவ்வளவு சூடாக இருக்கும். எல்இடியில் அது நிறத்துக்கு வைத்த பெயர் மட்டும்தான்.