அப்பா எலி குட்டிகளுக்கு என்ன கொடுக்கிறது?

[காட்சி: கூட்டுக்குள் குட்டிகள் மேல் கவிந்து படுத்திருக்கும் ஆண் சுண்டெலி]

இந்தக் கூட்டில் குட்டிகளுக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருப்பது அப்பா. கலிஃபோர்னியா சுண்டெலி இனத்தில் பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லா வேலைகளையும் ஆணும் செய்யும். குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்யும், கூடு கட்டும், வெளியே நழுவிய குட்டியை வாயால் கவ்வித் தூக்கி வரும். பாலூட்டிகளில் இது அபூர்வம். காட்டில் அப்பா எலியை அகற்றிப் பார்த்தபோது, பிழைத்த குட்டிகளின் எண்ணிக்கை குறைந்தது.

சரி, பிழைத்த குட்டி எப்படிப்பட்ட எலியாக வளர்கிறது என்பதிலும் அப்பாவுக்குப் பங்கு உண்டா?

[காட்சி: இரண்டு கூண்டுகள், இரண்டு இனங்கள்]

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் மார்லரின் குழு கலிஃபோர்னியா சுண்டெலிக் குட்டிகளை வெள்ளைக்கால் சுண்டெலிகளிடம் வளர்க்கக் கொடுத்தது. அந்த இனத்து ஆண்கள் குட்டிகளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அங்கே வளர்ந்த ஆண் குட்டிகள் பெரிதானதும், தன் இடத்துக்குள் நுழையும் அந்நிய எலியைத் தாக்குவது குறைந்திருந்தது. மூளையில் வாசோப்ரெசின் என்ற வேதிப்பொருளின் அளவும் மாறியிருந்தது. இதைவிட வியப்பான விஷயம், அவை அப்பாவானபோது தங்கள் குட்டிகளைத் தூக்கி வருவதும் குறைந்ததுதான்.

ஆனால் இங்கே அம்மாவும் மாறிவிட்டதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால் அடுத்து அப்பாவிடம் மட்டும் கை வைத்தார்கள். விந்தகம் நீக்கப்பட்ட ஆண்கள் குட்டிகளைத் தூக்கி வருவது குறைவு. அவற்றிடம் வளர்ந்த மகன்களுக்கும் தாக்கும் குணம் குறைந்தது. அப்பா கவ்வித் தூக்கி வந்தபின் ஆண் குட்டியின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சற்று நேரம் ஏறுகிறது என்பதும் 2010-இல் தெரியவந்தது. ஒரு சின்னத் தொடுகை, அவ்வளவுதான்!

சிலி நாட்டு டேகு என்ற கொறித்துண்ணியில், அப்பா இல்லாமல் வளர்ந்த குட்டிகளின் மூளை முன்பகுதியில் நரம்பு இணைப்புகள் வேறு மாதிரி வளர்ந்தன. ப்ரெய்ரி வோல் என்ற புல்வெளி எலிகளிலோ, அப்பா இல்லாத குறையை ஈடுகட்ட அம்மா கூடுதலாக நக்கிக் கொடுப்பதில்லை. அந்தக் குட்டிகள் வளர்ந்தபின் ஜோடி சேரவும் தாமதமானது.

[காட்சி: விந்தணுவின் வரைபடம்]

அப்புறம், குட்டியின் முகத்தையே பார்க்காத அப்பாக்கள். நரம்பியல் ஆய்வாளர் ட்ரேசி பேலின் குழு ஆண் சுண்டெலிகளைத் தொடர்ந்து மன அழுத்தத்துக்கு உள்ளாக்கிவிட்டு இணை சேர விட்டது. பிறந்த குட்டிகளிடம் மன அழுத்த ஹார்மோன் சுரப்பு மந்தமாக இருந்தது. அப்பாக்களின் விந்தணுவில் 9 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள், அதாவது மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறுகள், கூடியிருந்தன. 2015-இல் அந்த ஒன்பதையும் சாதாரணமான கருவுற்ற முட்டையில் செலுத்தியபோது அதே மந்தம் வந்தது. காரணத்தை இவ்வளவு நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் இந்தத் துறையில் குறைவு.

இதற்காக எல்லாமே விந்தணு வழியாக வருகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2011-இல் வேறொரு ஆய்வு, மற்ற ஆண்களிடம் தொடர்ந்து அடிபட்டுத் தோற்ற சுண்டெலிகளின் குட்டிகளைப் பார்த்தது. இயற்கையாக இணை சேர்ந்து பிறந்த குட்டிகளிடம் சோர்வும் பதற்றமும் தெரிந்தன. சோதனைக்குழாயில், அதாவது அம்மா அந்த ஆணைச் சந்திக்காமலே, கருத்தரிக்க வைத்தபோது அதில் பெரும்பகுதி காணாமல் போனது. தன்னோடு சேர்ந்த ஆணின் நிலையை உணர்ந்து அம்மாவே குட்டிகளுக்குச் செய்வதை மாற்றிக்கொள்கிறது என்பது ஒரு வலுவான விளக்கம். ஆகவே, அப்பாவின் தாக்கம் என்று ஒரு சுண்டெலி ஆய்வு சொன்னால், அதில் அம்மாவின் பங்கை எப்படிப் பிரித்தார்கள் என்று முதலில் தேடிப் பாருங்கள்.