ராஜா சாண்டோவின் ஊமைப்படங்கள் எங்கே?

விழாத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவர் அய்யா அவர்களே, வெகுதூரம் பேருந்தில் வந்திருக்கும் பேராசிரியை அம்மா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்டு மைக் கட்டிய வாசகர் வட்டத் தம்பிகளே, புதுக்கோட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். போன வருஷம் இதே மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்திய அய்யா முன்வரிசையில் இருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

ஊமைப்படக் காலத்து நடிகர், இயக்குநர் ராஜா சாண்டோ நடித்தது, இயக்கியது, அவர் எடுத்த ஊமைப்படங்கள் என்னவாயின என்று மூன்றைப் பற்றிப் பேச வந்தேன்.

அவருடைய இயற்பெயர் பி.கே.நாகலிங்கம், இந்த ஊர்ப் பிள்ளை. உடற்பயிற்சியில் ஊறியவர். உலகப் பயில்வான் சாண்டோவின் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பம்பாய்க்குப் போய், படான்கரின் நேஷனல் பிலிம் கம்பெனியில் சேர்ந்து, ஊமைப்படங்களில் கதாநாயகன் ஆனார். அங்கே உடம்பு பேசினால் போதும், மொழி தடையில்லை. அப்புறம் சென்னைக்கு வந்து ஆர்.பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம்ஸுக்கு ‘பேயும் பெண்ணும்’, ‘அநாதைப் பெண்’, ‘ராஜேஸ்வரி’ என்று ஊமைப்படங்களை இயக்கினார். பேசும்படம் வந்த பிறகும் அவர் ஓயவில்லை. புராணக் கதைகள் மலிந்திருந்த 1935-இல் நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்களை வைத்து ‘மேனகா’ என்ற சமூகப் படம். 1939-இல் தியாகராஜ பாகவதர் நடித்த ‘திருநீலகண்டர்’. 1943-இல் காலமானார்.

சரி, தமிழ்நாட்டில் அவர் எடுத்த அந்த ஊமைப்படங்களை எங்கே போய்ப் பார்ப்பது? எங்கும் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான் நம் கதை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன், டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்த ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். அவர் இல்லை, காலமாகிவிட்டார். அவருடைய வீட்டம்மா, “தம்பி, அவர் வெச்சிருந்த படப்பொட்டி பரண்ல இருக்கு” என்றார். எனக்குக் கை நடுங்கியது. ஸ்டூல் போட்டு ஏறினேன். ஒட்டடை, பல்லி, எலிப் புழுக்கை. மூலையில் வட்டமான தகர டப்பா, மேலே பென்சிலில் ஏதோ எழுதி அழிந்திருந்தது. நெஞ்சோடு அணைத்து இறக்கினேன். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. அம்மா அரிவாள்மனை நுனியால் நெம்பித் திறந்தார்.

உள்ளே புளி!

“பிலிம் எங்கேம்மா?” என்றேன். “அதுல வெள்ளி எடுப்பாங்களாமே, எடைக்குப் போட்டுட்டோம். டப்பா நல்லா இருந்துச்சு, வெச்சுக்கிட்டேன்” என்றார். அந்த அம்மா மேல் என்ன தப்பு? இது பொக்கிஷம் என்று அவரிடம் யார் போய்ச் சொன்னோம்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. அது வருவதற்குள் நம் ஊமைப்படங்கள் அழிந்துபோய்விட்டன. ராஜா சாண்டோ பெயரில் அரசு விருது கொடுக்கிறது, அதற்கு நன்றி. தமிழ்ப் படங்களுக்கென்று, குளிரூட்டிய அறைகளோடு ஒரு காப்பகத்தை இங்கேயே கட்டித் தர வேண்டும். இதைத்தான் நான் போகிற மேடையெல்லாம் கேட்கிறேன்.

இதற்கான மனுவில் மருத்துவர் அய்யா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் அங்கேயே. வீட்டுப் பரணில் பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், தகர டப்பா எது கிடைத்தாலும் எடைக்குப் போடுவதற்கு முன் வாசகர் வட்டத் தம்பிகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வணக்கம்.