குருகு எங்கே?

(சனசமூக நிலைய மண்டபத்தில் உயர்தர மாணவர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோருக்கும், முன்னால் பாயில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

உங்களில் பலர் கலைப்பீடத்துக்கு வரப்போகிறீர்கள். இலக்கியத் திறனாய்வு வகுப்பில் நல்ல புள்ளி எடுப்பது எப்படி என்று சொல்லச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் இறுதி வருட மாணவி. அந்த வகுப்பில் முதலில் பிழையாகப் படித்து, பிறகு திருத்திக்கொண்டவள். அந்தக் கதையையே சொல்கிறேன், அதற்குள் எல்லாம் வந்துவிடும்.

முதலாம் வருடத்தில் எங்களுக்கு வந்த முதல் ஒப்படை குறுந்தொகையின் 25ஆம் பாட்டு. கபிலர் பாடியது. உங்களுக்குத் தந்த தாளில் இருக்கிறது, பாருங்கள்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

நான் ஆறு பக்கம் எழுதினேன். முதல் இரண்டு பக்கமும் சங்க காலம் பற்றி. அடுத்ததில் குறிஞ்சித் திணை, முதல், கரு, உரி எல்லாம் வந்தன. ரியூசனில் பாடமாக்கியது அப்படியே கையில் இறங்கியது. கடைசிப் பக்கங்களில் விமர்சகர்களின் பெயர்கள். நிறையப் புள்ளி வரும் என்று நம்பியிருந்தேன். ஒப்படை திரும்பி வந்தபோது புள்ளி குறைவு. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி: ‘குருகு எங்கே?’

எடுத்துப் பார்த்தேன். குருகு என்றால் கொக்கு. ஆறு பக்கத்திலும் அந்தப் பறவை ஓரிடத்திலும் இல்லை. ஐந்தே அடிப் பாட்டு, அதில் இரண்டரை அடி அந்தக் குருகுக்குப் போயிருக்கிறது. நான் அதைக் காணவே இல்லை.

அந்தக் கிழமை வேலணை பஸ்ஸுக்காகப் பண்ணைப் பக்கம் நின்றபோது, தண்ணீரில் ஒரு கொக்கைக் கண்டேன். எத்தனையோ தரம் கண்ட கொக்குத்தான். அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். மோட்டார் சைக்கிள் போகிறது, பஸ் ஹோர்ன் அடிக்கிறது, அது திரும்பவே இல்லை. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கண் முழுக்கத் தண்ணீரில். அப்போதுதான் பாட்டு எனக்கு விளங்கியது.

அந்தப் பெண் தோழியிடம் சொல்கிறாள்: அவன் என்னைக் கூடிய நாளில் அங்கே ஒருவரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுந்தான் இருந்தான். அவன் சொன்னதை இல்லையென்று பொய்த்துவிட்டால் நான் என்ன செய்வேன்? ‘யாரும் இல்லை’ என்று தொடங்கியவள் கடைசி அடியில் ‘குருகும் உண்டு’ என்கிறாள். அந்த ‘உம்’மைக் கவனியுங்கள். சாட்சிக்கு ஆள் தேடித் தேடி, ஒருவரும் அகப்படாமல், கடைசியில் ஒரு பறவையையும் கணக்கில் சேர்க்கிறாள். அந்தப் பறவையோ ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர்களைப் பார்க்கவில்லை. வாய் பேசாத சாட்சி, கண்ணும் வேறிடத்தில். அவளுடைய நிலைமை எவ்வளவு மோசம் என்று அவள் வாயால் சொல்லவே இல்லை, அந்த ‘உம்’ சொல்லிவிடுகிறது.

இன்னொன்று. தினையின் தாள் போல் சிறிய, பசிய கால்கள் என்று அவள் சொல்கிறாள். அந்த நேரத்தில் கொக்கின் காலை இவ்வளவு நுணுக்கமாக எப்படிப் பார்த்தாள்? நாணத்தில் கண்ணைத் தாழ்த்தியிருப்பாள், தாழ்ந்த கண்ணுக்குக் கால்தான் பட்டிருக்கும் என்று நான் வகுப்பில் சொன்னேன். ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். ஏன்? பாட்டில் அதற்கு இடம் இருக்கிறது.

அந்தத் துணிவில் அடுத்த கிழமை வேறொரு பிழை விட்டேன். கள்வன் என்றால் நண்டு என்றும் பொருள் உண்டு. ஐங்குறுநூற்றில் கள்வன் பத்து என்றே நண்டைப் பற்றிய பத்துப் பாட்டுகள் இருக்கின்றன. அகராதியில் இதைக் கண்டதும் தலைகால் புரியாத சந்தோஷம். நீர், மீன், கொக்கு, நண்டு, எல்லாம் பொருந்துகிறதே என்று எழுதிக்கொண்டு போனேன். ஆசிரியர் அமைதியாக ஒன்றைக் கேட்டார்: “பிள்ளை, நண்டு பொய் சொல்லுமா?” அடுத்த அடியிலேயே ‘தானது பொய்ப்பின்’ என்று இருக்கிறது. முதலில் பாட்டில் இருப்பதைக் காணாமல் விட்டேன், பிறகு இல்லாததைக் கண்டேன். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: திரும்பவும் அடிக்குப் போவது.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், பாட்டை முதலில் உங்கள் கையால் கொப்பியில் எழுதுங்கள். போட்டோகொப்பியில் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும், எழுதும்போது கை ஒவ்வோர் அசையிலும் நிற்கும். பிறகு சத்தமாக வாசியுங்கள். வீட்டில் வெட்கமாக இருந்தால் கிணற்றடியில் நின்று வாசியுங்கள். உரையை அதற்குப் பிறகு திறக்கலாம். எழுதும்போது ஐந்து அடியையும் மேற்கோளாகப் போட்டுவிட்டு ‘இதிலிருந்து தெரிகிறது’ என்று எழுதாதீர்கள். எந்தச் சொல்லிலிருந்து என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்.

விமர்சகர்களை வாசிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வாசிக்க வேண்டும். 1974இல் எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் கைலாசபதி. பண்டைத் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1968இல் வந்தது. அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் ஒரு வாய்மொழி மரபு இருக்கிறது என்று அதில் வாதிடுகிறார். பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களைப் பொறுக்கி, அடுக்கி, ஒப்பிட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தார். நாங்கள் முடிவை மட்டும் பாடமாக்கிக்கொண்டு பொறுக்கிய வேலையை விட்டுவிடுகிறோம். எனக்கு இது உண்மையிலேயே மனவருத்தம்.

சிறுப்பிட்டியில் பிறந்த தாமோதரம்பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். ஏடுகளைத் தேடி, ஒப்பிட்டு, 1887இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். ஓர் ஏட்டில் ஓர் எழுத்து, மற்றதில் வேறோர் எழுத்து. எது சரி என்று தீர்மானிக்க அந்த மனிதர் எவ்வளவு நேரம் ஒரு சொல்லோடு இருந்திருப்பார்! எங்களிடம் கேட்பது அதில் ஒரு துளி.

புத்தகம் இல்லை என்ற கவலை வேண்டாம். 1981இல் எரிக்கப்பட்ட எங்கள் பொது நூலகம் திரும்பவும் எழுந்து நிற்கிறது. இணையத்தில் ‘நூலகம்’ தளத்துக்குப் போனால் ‘மல்லிகை’ என்ற இலக்கியச் சஞ்சிகையின் பழைய இதழ்களைக்கூடக் காசில்லாமல் வாசிக்கலாம். ஒரு கதைக்காக ஆட்கள் எவ்வளவு சூடாக வாதாடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வகுப்பிலும் அப்படிக் கதையுங்கள். சேர் சொன்னதோடு உடன்பாடு இல்லையென்றால், அடியைக் காட்டி மரியாதையாகச் சொல்லுங்கள்.

சரி, நான் நெடுநேரம் கதைத்துவிட்டேன். முதல் அடியில் ‘தானே’ என்று ஒரு சொல் இருக்கிறது. கடைசி அடியில் ‘தான்’ திரும்பவும் வருகிறது, நடுவில் ‘தானது’. மூன்று தரம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை வையுங்கள். யாராவது ஒருவர் எழும்பிச் சத்தமாக வாசியுங்கள், பிறகு கதைப்போம்.