விழுந்தால் தூக்கி உட்கார வைக்குமா?

நேயர்களுக்கு வணக்கம். மனித உருவ ரோபோக்களைப் பற்றிப் பேச எங்கே போனாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். "இதெல்லாம் ஒரு நாள் நம்மை மிஞ்சிவிடுமா?" போன மாதம் ஒரு நூலகக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த பாட்டியம்மா வேறொன்று கேட்டார். "தம்பி, நான் விழுந்துட்டா இது என்னைத் தூக்கி உட்கார வைக்குமா?" அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

முதலில், இயந்திரத்துக்கு எதற்கு மனித உருவம்? வீட்டுப் படிக்கட்டு, கதவுக் கைப்பிடி, சுத்தியல் எல்லாமே இரண்டு கை, இரண்டு கால் உள்ள உடம்புக்காகச் செய்தவை. வீட்டை இடித்துக் கட்டுவதற்குப் பதில், அந்த உடம்பைப்போல ஓர் இயந்திரம் செய்துவிடலாம் என்பதுதான் கணக்கு. டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகம் 1973-லேயே நடக்கும் ரோபோவைச் செய்துவிட்டது. 2000-இல் ஹோண்டாவின் அசிமோ என்ற நடக்கும் ரோபோ வந்தது. கால் தேவைப்படாத இடத்தில் கால் வைப்பதும் இல்லை. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக நம் இஸ்ரோ 2020-இல் காட்டிய வியோமமித்ரா என்ற ரோபோவுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. எடையற்ற விண்வெளியில் கால் எதற்கு?

சரி, பூமியில் நடக்கிறதா? நடக்கிறது, ஓடவும் செய்கிறது. 2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் மனிதர்களோடு 21 ரோபோக்களும் அரை மாரத்தானில் இறங்கின. ரோபோக்களில் முதலில் வந்த தியன்குங் 21 கிலோமீட்டரை 2 மணி 40 நிமிடத்தில் ஓடி முடித்தது. வழியில் மூன்று முறை பேட்டரி மாற்றினார்கள். வேறொரு ரோபோ புறப்படும் கோட்டிலேயே விழுந்து, சில நிமிடம் அப்படியே கிடந்தது. விழுந்த செய்தியைத்தான் பலரும் பகிர்ந்தார்கள். இருந்தாலும் அத்தனை தூரம் இரண்டு காலில் ஓடியது பெரிய சாதனை என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் காலைவிடக் கை கடினம். குழந்தைக்கு மீன் ஊட்டும் அம்மாவின் விரல்களைப் பாருங்கள். கண் குழந்தையின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். தட்டில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சதையை மெல்லப் பிசைந்தபடி, முடி போன்ற முள்ளை உணர்ந்து ஒதுக்கிவிடும். சதை குழையவும் கூடாது, முள் தங்கவும் கூடாது. இதை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று நம்மோடு உரையாடும் செயற்கை நுண்ணறிவு, மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்துப் பழகியது. தொடு உணர்வுக்கு அப்படியொரு நூலகம் கிடையாது. அதனால்தான் ஆட்கள் துணி மடிப்பதையும் பாத்திரம் எடுத்து வைப்பதையும் திரும்பத் திரும்பச் செய்துகாட்டி ரோபோக்களுக்குப் பழக்குகிறார்கள். பெரியவர்கள் திணறும் கணக்கும் சதுரங்கமும் கணினிக்கு எளிது, ஒரு வயதுக் குழந்தை செய்வது கடினம் என்று ரோபோ ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் மொராவெக் 1980-களிலேயே சொல்லிவிட்டார்.

அப்புறம் மாணவர்கள் கேட்பது: "வீடியோவில் எல்லாமே செய்கிறதே, சார்?" செய்வது யார் என்று கேளுங்கள் என்பேன். 2024 அக்டோபரில் டெஸ்லா நடத்திய விழாவில் ஆப்டிமஸ் ரோபோக்கள் விருந்தினருக்குப் பானம் ஊற்றிக் கொடுத்து, பேச்சும் கொடுத்தன. பின்னால் இருந்து மனிதர்கள் இயக்கினார்கள் என்று பிறகு தெரிய வந்தது. 2025-இல் சுமார் 20,000 டாலர் விலையில் முன்பதிவுக்கு வந்த, 1எக்ஸ் நிறுவனத்தின் நியோ வீட்டு ரோபோ விஷயத்தில், அதற்குத் தெரியாத வேலையைத் தங்கள் ஆள் தொலைவிலிருந்து அதன் கண் வழியே பார்த்துச் செய்து கொடுக்கலாம் என்று நிறுவனமே சொல்கிறது. எனக்கு உள்ளபடியே கவலை தருவது இதுதான். இயந்திரம் நம்மை ஆளுமா என்பதெல்லாம் பிறகு. படுக்கையறைக்குள் நடமாடும் கேமராவின் மறுமுனையில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு என்ன சம்பளம், அந்தப் படம் எங்கே போகிறது? வாங்குகிறவர் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

இப்போது பாட்டியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015-இல் ரோபேர் என்ற ரோபோவைக் காட்டியது. நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பதுதான் அதன் வேலை. பராமரிப்பாளர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 40 முறை ஆளைத் தூக்க வேண்டியிருக்கிறது என்று அப்போது ரிக்கென் சொன்னது. ரோபேரின் எடை 140 கிலோ. கையை நீட்டி ஓர் ஆளை ஏந்தும்போது முன்பக்கம் சாயாமல் நிற்க விரியும் அடித்தளம் வேண்டியிருந்தது. கால்கள் இல்லை, சக்கரங்கள்தான். முகம் வெள்ளைக் கரடிக் குட்டியின் முகம். ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டி அது கடைக்கு வரவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இப்போதைக்கு இல்லைம்மா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கரடி மூஞ்சியா இருந்தா எனக்கென்ன தம்பி? சீக்கிரம் செய்யச் சொல்லுங்க. என்னைத் தூக்கித் தூக்கி இவ முதுகு போயிடுச்சு" என்று பக்கத்தில் இருந்த மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நன்றி, வணக்கம்.