வில்லனுக்கு வாய் கொடுத்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஜேம்ஸ் பாண்ட் படங்களின் வில்லன்களையும் கதாநாயகிகளையும் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். உடை, கார், துப்பாக்கி எல்லாம் பார்த்து ரசிக்க வேண்டியவை, அவற்றை விட்டுவிடுகிறேன். காதுக்கு உரிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: அவர்கள் யார் குரலில் பேசினார்கள்?

முதல் படம் 'டாக்டர் நோ', 1962. ஜமைக்காக் கடற்கரையில் வெள்ளை நீச்சலுடையில், இடுப்பில் கத்தியோடு, பாடிக்கொண்டே நீரிலிருந்து ஏறி வருகிறாள் ஹனி ரைடர். படம் பார்க்காதவர்களுக்குக்கூட அந்தக் காட்சி தெரியும். அந்த ஒரு பெண்ணுக்குள் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். நடந்து வந்தவர் உர்சுலா ஆண்ட்ரெஸ், சுவிட்சர்லாந்துக்காரர். மாமரத்தடிப் பாட்டைப் பாடியவர் டயானா கூப்லாண்ட், இசையமைப்பாளர் மான்டி நார்மனின் அன்றைய மனைவி. வசனம் பேசியவர் நிக்கி வான் டெர் ஜில். ஆண்ட்ரெஸின் ஆங்கிலத்தில் ஜெர்மன் வாடை தூக்கலாக இருந்ததுதான் காரணம்.

இரவல் குரலில் பேசும் கதாநாயகி தமிழ் ரசிகர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பெர்லினில் பிறந்த இந்த நிக்கி விஷயத்தில் ஒரு கூத்து உண்டு. அதே படத்தின் தொடக்கத்தில், சூதாட்ட மேசையில் பாண்டின் பெயரைக் கேட்கிறாளே சில்வியா ட்ரெஞ்ச், அவளுக்கும் இவர்தான் குரல். இத்தனைக்கும் அந்த வேடத்தில் நடித்த யூனிஸ் கேசன் ஆங்கிலேயப் பெண்மணி! ஆக, பாண்ட் லண்டனில் ஒருத்தியிடம் பேசுகிறார், ஜமைக்காவில் வேறொருத்தியிடம் பேசுகிறார், பதில் வருவது ஒரே தொண்டையிலிருந்து. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் படத்தைக் கேட்டால் பிடிபட்டுவிடும். 1965இல் 'தண்டர்பால்' படத்தின் டாமினோவாக வந்த பிரெஞ்சு அழகி கிளாடின் ஆஜேவுக்கும் நிக்கிதான் பேசினார். அந்தப் பாத்திரத்தை இத்தாலியப் பெண்ணிலிருந்து பிரெஞ்சுப் பெண்ணாகவே மாற்றினார்கள். அப்படியும் ஆஜேவின் குரலை வைத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு பேசியவரின் பெயர் படத்தின் பெயர்ப் பட்டியலில் இல்லை.

இந்த வேலை எப்படி நடந்தது? கணினி வராத காலம். காட்சியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, துண்டின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்குவார்கள். அது புரொஜெக்டரில் திரும்பத் திரும்பச் சுற்றும். பேசுபவர் காதில் படப்பிடிப்பின்போது பதிவான மூலக்குரல் ஒலிக்கும், கண் திரையில் இருக்கும். இரண்டு மூன்று சுற்று சும்மா பார்த்து, மூச்சு எங்கே விழுகிறது என்று மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பதிவு.

சொதப்புவது பெரும்பாலும் உதடு ஒட்டும் எழுத்துகளில்தான். ப, ம போன்ற ஒலிகளுக்குத் திரையில் உதடு மூடியே ஆக வேண்டும். மற்ற எழுத்துகள் கொஞ்சம் முன்பின் போனாலும் கண் மன்னிக்கும், இந்த இரண்டில் மன்னிக்காது. அடுத்த தொல்லை தூரம். கடற்கரையில் இருபதடி தள்ளி நிற்பவள் காதருகே பேசுவதுபோல் கேட்டால் காட்சி செத்துவிடும். அதனால் மைக்கிலிருந்து பின்னால் தள்ளி நின்று, முகத்தைச் சற்றுத் திருப்பிப் பேச வேண்டும். ஓடி வந்தவளுக்கு மூச்சு வாங்க வேண்டும், பேச்சு முடிந்த பிறகும்.

வேகம் இன்னொரு தொல்லை. 'கோல்ட்ஃபிங்கர்', 1964. வில்லன் கெர்ட் ஃப்ரோபே ஜெர்மானியர், ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஒலியை மட்டும் மனப்பாடம் செய்து ஒப்பித்தார். ஒப்பிப்பவர் நிதானமாகத்தானே பேசுவார்? உதடு இழுத்து இழுத்து அசைந்தால், மேலே ஒட்டும் குரலும் இழுக்கும், தங்கக் கடத்தல்காரர் தூக்கம் வந்தவர் ஆகிவிடுவார். இயக்குநர் கை ஹாமில்டன் அவரை இரண்டு மடங்கு வேகத்தில் பேசச் சொன்னார். பொருள் புரியாவிட்டாலும் போகிறது, உதடு அசைகிற வேகம் போதும். பிறகு மைக்கேல் காலின்ஸ் என்ற ஆங்கில நடிகர் அந்த உதடுகளுக்குப் பேசினார். பாண்டை மேசையில் கட்டிப்போட்டு லேசர் கதிரை ஏவிவிட்டு, "நீ பேசுவதையா எதிர்பார்க்கிறேன்? சாவதைத்தான்" என்ற பொருளில் வில்லன் சொல்லும் பதில் இந்தத் தொடரிலேயே பேர்போனது. முகம் ஃப்ரோபே, குரல் காலின்ஸ். ஜெர்மன் பதிப்பில் மட்டும் ஃப்ரோபே தனக்குத் தானே பேசிக்கொண்டார்.

பாண்டின் பரம எதிரி புளோஃபெல்டை விட்டுவிட முடியாது. 1963இல் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தில் அவர் முகமே காட்டப்படவில்லை. வெள்ளைப் பூனையைத் தடவிய கைகள் ஆண்டனி டாசனுடையவை, குரல் எரிக் போல்மனுடையது. பட்டியலில் நடிகர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. என்னைக் கேட்டால் அந்தப் புளோஃபெல்டுதான் மிகவும் பயங்கரமானவர். பின்னால் டொனால்ட் ப்ளெஸன்ஸ், டெலி சவாலஸ், சார்ல்ஸ் கிரே என்று முகம் மாறிக்கொண்டே போனது. முகம் தெரிந்ததும் மிரட்டல் பாதி குறைந்துவிட்டது. இதில் சார்ல்ஸ் கிரே, தொண்டைப் புற்றுநோயால் குரலிழந்த ஜாக் ஹாக்கின்ஸுக்கு வேறு படங்களில் குரல் கொடுத்தவர். இரவல் கொடுத்தே பழகிய ஆள்!

நாயகன் மட்டும் தப்பினாரா? 1969இல் 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தில் பாண்டாக வந்த ஜார்ஜ் லேசன்பி, ஹிலரி பிரே என்பவராக வேடம் போடும் காட்சிகளில் ஜார்ஜ் பேக்கரின் குரலில் பேசுகிறார். நிஜ ஹிலரி பிரேயாக நடித்தவர் அதே பேக்கர்தான். அங்கே ஒரு நியாயமாவது இருக்கிறது.

சரி, எப்போது மாறியது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அயல் வாடை குறை என்று நினைத்த காலம் போய், அதுவே பாத்திரத்துக்குச் சுவை என்றாயிற்று. 2006 'கசினோ ராயல்' படத்தில் டென்மார்க்கின் மாட்ஸ் மிக்கெல்சன் தன் சொந்தக் குரலில்தான் மிரட்டினார். எஃகுப் பல்லோடு வந்த ஏழடி இரண்டங்குல ரிச்சர்ட் கீல், இரண்டு படம் முழுக்க வாய் திறக்காமல் இருந்து, 1979 'மூன்ரேக்கர்' முடிவில் ஒரே ஒரு வரி பேசுவார், அதையும் மென்மையாக. உதய்ப்பூரில் எடுத்த 'ஆக்டோபஸி', 1983, அதில் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜும் உண்டு. அதன் வில்லன் கமல் கான் நாட்டை இழந்த ஆப்கன் இளவரசர். நடித்தவர் லூயி ஜூர்தான், பேசுவது பிரெஞ்சு மணக்கும் ஆங்கிலம். பத்தொன்பது ஆண்டுக்கு முன்பு ஃப்ரோபேவுக்குக் கிடைக்காத சலுகை அவருக்குக் கிடைத்தது. இன்னொரு பாண்ட் நாயகி மிஷெல் யோவைப் பற்றிப் பேச நேரமில்லை. வணக்கம்.