சுங்கத்தில் சிக்கிய இசைக்கருவி

அவையோருக்கு வணக்கம்.

1971-ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்கு ஒரு சரக்கு வந்து இறங்கியது. சுங்க அதிகாரிகள் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே குமிழ்கள், வரிசை வரிசையாகத் துளைகள், அவற்றில் செருக வேண்டிய வயர்கள். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பெயர்த்து எடுத்து வந்ததுபோல இருந்தது. வரவழைத்தவர் அதை இசைக்கருவி என்றார். யார் நம்புவார்கள்? ராணுவச் சாதனமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

வரவழைத்தவர் பெயர் இசாவோ டோமிதா. அந்தப் பெட்டி மூக் சின்தசைசர், அதாவது மின்சாரத்தாலேயே ஒலிகளை உண்டாக்கும் கருவி.

அப்போது அவர் ஒன்றும் புதுமுகம் இல்லை. 1932-இல் டோக்கியோவில் பிறந்தவர். கெயோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் சமையல் நிகழ்ச்சிக்கு 1957-இல் அவர் போட்ட முகப்பு இசையை ஜப்பானில் எந்த வீட்டு அடுக்களையில் கேட்டாலும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். சரித்திரத் தொடர், கார்ட்டூன் தொடர் என்று கைநிறைய வேலை இருந்தது. அப்படிப்பட்டவர் எதற்காக இந்தப் பெட்டிக்குப் பெருந்தொகை கொட்டினார்?

அதற்கு அவருடைய சிறு வயதுக்குப் போக வேண்டும். தந்தையுடன் அவர் பெய்ஜிங்கில் வளர்ந்தார். அங்கே சொர்க்கக் கோயில் வளாகத்தில் வட்டமாக ஒரு மதில் இருக்கிறது. ஒருவர் சுவரோரம் நின்று பேசினால், தூரத்தில் அதே சுவரோரம் நிற்பவருக்குப் பக்கத்தில் பேசுவதுபோலக் கேட்கும். அப்பா அங்கே கூட்டிப் போய்க் காட்டினார். ஆள் ஓரிடத்தில், குரல் வேறோரிடத்தில்! அந்த வியப்பு அவரைக் கடைசிவரை விடவே இல்லை. டோமிதா என்றதும் எல்லோரும் மெஷினைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கென்னவோ, அவர் தேடியது மெஷினை அல்ல, அந்த மதிலைத்தான் என்று தோன்றுகிறது.

சரி, பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. கட்டையைத் தட்டியதும் இசை வந்துவிடுமா? வராது. ஆசிலேட்டர் ஒரு வெறும் மின்னதிர்வைத் தரும். ஃபில்டர் அதைச் செதுக்கும். அது எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்பதையெல்லாம் வயர்களைச் செருகி, குமிழ்களைத் திருகி நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதிலும் ஒரு வம்பு: ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். பியானோவில் மூன்று விரல் வைத்தால் மூன்று சுரம் கேட்கும். இதில் ஒவ்வொன்றாக வாசித்து, டேப்பில் தனித்தனித் தடங்களாகப் பதிந்து, பிறகு சேர்க்க வேண்டும். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் பியானோ இசையை இப்படிச் சுரம் சுரமாகக் கட்டி முடிக்க அவருக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. யாரோ விசிலடித்துக்கொண்டு போவதுபோல அதில் ஓர் ஒலி வரும். அவ்வளவும் மின்சாரம்!

ஜப்பானிய இசைத்தட்டு நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. கிளாசிக்கல் இசையா, பாப் இசையா, கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்பதே அவர்களுடைய கவலை. டேப்பைத் தூக்கிக்கொண்டு நியூயார்க் போனார். ஆர்சிஏ என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் 1974-இல் வெளியிட்டது. நான்கு கிராமி பரிந்துரைகள் கிடைத்தன. அப்புறம் சொந்த ஊரிலும் கதவுகள் திறந்தன. அது எங்கும் நடப்பதுதான்.

அந்த இசைத்தட்டு நான்கு ஸ்பீக்கர்களுக்காகவும் வெளிவந்தது. கேட்பவரைச் சுற்றிலுமிருந்து ஒலி வர வேண்டும் என்பது அவர் ஆசை. 1984-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இதையே ஊரளவுக்குப் பெரிதாக்கினார். டான்யூப் ஆற்றின் மேல் தொங்கிய கண்ணாடிப் பிரமிடுக்குள் அவர் உட்கார்ந்திருந்தார். கரையில் ஜனங்கள். ஆற்றிலிருந்தும் வானிலிருந்தும் இசை வந்தது. பெய்ஜிங் மதில் நினைவுக்கு வருகிறதா?

2012-இல், எண்பது வயதில், கவிஞர் மியாசாவா கென்ஜியின் படைப்புகளை வைத்து ஒரு சிம்பொனி எழுதினார். தனிப்பாடகி ஹட்சுனே மிக்கு. ஆளே இல்லாத குரல், கணினி மென்பொருள். அதற்கு முந்தைய மிக்கு கச்சேரிகளில் மெஷின் தாளம் போடும், மனிதர்கள் பின்னால் ஓடுவார்கள். டோமிதா அதைத் திருப்பிப் போட்டார். இசைக்குழுவை நடத்துபவரின் கோல் அசைவுக்கு ஏற்ப மிக்கு பாட வேண்டும். அதற்காக ஒருவர் கோலைப் பார்த்தபடியே கீபோர்டில் மிக்குவை நகர்த்திக்கொண்டிருந்தார்.

2016 மே 5 அன்று டோமிதா காலமானார்.

பேச்சு போதும். டெபுஸி இசைத்தட்டிலிருந்து 'நிலவொளி'யைப் போடச் சொல்லியிருக்கிறேன். இந்த அரங்கில் இரண்டே ஸ்பீக்கர்தான் இருக்கின்றன. டோமிதா மன்னிக்க வேண்டும். நடு வரிசைக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். ஓரத்தில் இருப்பவர்கள் எழுந்து நடுவே வந்து நின்றாலும் தப்பில்லை.