காங்கோவின் ரப்பர்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

தொழிற்புரட்சிக் கால ஐரோப்பா ஏன் நாடு பிடிக்கப் புறப்பட்டது என்ற கேள்விக்கு, மூலப்பொருள், சந்தை, முதலீடு, தேசப் பெருமை என்று பள்ளியில் விடை எழுதியிருக்கிறோம். அவை பிழையல்ல. ஆனால் அந்தச் சொற்கள் மனித உடம்பின் மீது எப்படி வந்து விழுந்தன என்பதை அறியக் காங்கோவைப் பார்க்க வேண்டும்.

1885-இல் பிரான்சு நாடாளுமன்றத்தில் அந்நாட்டின் முன்னாள் பிரதமர் ஜூல் ஃபெர்ரி, தம் நாட்டு ஆலைச் சரக்குக்குச் சந்தை வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். தாழ்ந்த இனங்களை நாகரிகப்படுத்தும் கடமை உயர்ந்த இனங்களுக்கு உண்டு என்பதையும் அதே உரையில் சேர்த்துக்கொண்டார். இரண்டாம் லியோபோல்ட் என்ற பெல்ஜிய மன்னரோ முன்னதை மறைத்துப் பின்னதையே உலகுக்குச் சொன்னார். அடிமை வாணிபத்தை ஒழிப்பேன் என்ற அவர் பேச்சை நம்பி, ஆப்பிரிக்காவில் நாடு பிடிப்பதற்கு விதி வகுக்க 14 நாடுகள் கூடிய பெர்லின் மாநாட்டுக் காலத்தில் வல்லரசுகள் காங்கோவின் மீது அவருக்கிருந்த உரிமையை ஏற்றன. அந்த மாநாட்டுக்கு ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அழைக்கப்படவில்லை. பெல்ஜியத்தைப் போல் ஏறத்தாழ 76 மடங்கு பரப்புள்ள நிலம், அவர் ஒருமுறைகூடக் காலடி வைக்காமலே, அவருடைய தனிச் சொத்தாயிற்று.

1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கியதும் ஐரோப்பாவின் ரப்பர் பசி பெருகியது. காங்கோக் காடுகளில் ரப்பர்க்கொடி தானாகவே படர்ந்து கிடந்தது. நடவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம், ஆள் மட்டும் போதும். அந்த ஆளை வரவழைக்க மன்னரின் ஆட்கள் அவன் மனைவியைப் பிணையாகச் சிறைவைத்தார்கள். கொடியிலிருந்து வடித்த பாலைக் கையிலும் மார்பிலும் பூசி உறையவிட்டு, பிறகு ரோமத்தோடு உரித்தெடுத்த தொழிலாளர்கள் உண்டு. தோட்டாவை வீணாக்கவில்லை, ஆளைக் கொல்லவே பயன்படுத்தினோம் என்று காட்டச் சிப்பாய்கள் மனிதர்களின் வெட்டிய கைகளைக் கொண்டுவந்து கணக்குக் கொடுத்தார்கள்.

இதை முதலில் கணக்கு வழியே கண்டுபிடித்தவர், ஆங்கிலக் கப்பல் நிறுவனமொன்றில் எழுத்தராக இருந்த எட்மண்ட் மொரெல். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில், காங்கோவிலிருந்து கப்பல்கள் ரப்பரும் தந்தமும் நிறைய ஏற்றி வருவதையும், திரும்பும்போது பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவுமே கொண்டுபோவதையும் அவர் பார்த்தார். விலைக்கு ஈடாகப் போகும் பண்டம் இல்லையென்றால் அது வாணிபமாக இருக்க முடியாது, கட்டாய உழைப்பாகத்தான் இருக்க முடியும் என்று அவருக்குப் புரிந்தது. ஏகாதிபத்தியத்தின் நோக்கத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் சான்று வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதை நமக்கு அந்நியமானதன்று. 1876-இல் பிரேசிலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ரப்பர் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் மறு ஆண்டு சிங்கப்பூருக்கும் கன்றுகளாகப் போய்ச் சேர்ந்தன. அதே டயர்ப் பசிக்காகத்தான் பின்னர் நம் மக்கள் கங்காணிகளின் பின்னால் கப்பலேறி மலாயாவில் பால்மரம் சீவினார்கள்.

மொரெலும் அவரோடு நின்றவர்களும் எழுப்பிய கண்டனத்தால் 1908-இல் காங்கோ மன்னரின் கையை விட்டுப் பெல்ஜிய அரசிடம் போனது. ஒப்படைப்பதற்குச் சற்று முன், அந்த ஆகஸ்டில், பிரசல்ஸில் இருந்த காங்கோ அலுவலகத்தின் உலைகளில் ஆவணங்கள் எட்டு நாள் எரிந்தன.